பிக்சல் வேறு, கேபி வேறு

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: போட்டோவைச் சுருக்குவதும் அனுப்புவதும்

வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்கணுமாம். ஃபோனில் எடுத்தது 4 எம்பி. ஒரு ஆப்பில் போட்டுக் குறைத்தேன், 14 கேபி ஆகி ‘அளவு குறைவு’ என்று திரும்பிவிட்டது. இன்னொரு ஆப்பில் சரியாக 48 கேபி வந்தது. ஆனால் முகம் கட்டம் கட்டமாக இருக்கிறது. கையெழுத்துக்கும் இதே பாடு. என்ன செய்ய?
– வாசகி, சேரன்மகாதேவி

ஒரு படத்துக்கு இரண்டு அளவு உண்டு. பிக்சல் என்பது நீள அகலம். கேபி என்பது எடை. முதல் ஆப் நீள அகலத்தை மளமளவென்று குறைத்துவிட்டது. இரண்டாவது ஆப் நீள அகலத்தைத் தொடாமல் எடையை மட்டும் பிழிந்து எடுத்திருக்கிறது.

கட்டம் ஏன் வருகிறது? ஜேபெக் (ஜேபிஜி ஃபைல்களின் சுருக்கும் முறை) படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் பெரிதாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். உங்கள் ஃபோன் படம் 4000×3000 என்றால் மொத்தம் 1,87,500 கட்டங்கள். 48 கேபியை அத்தனைக்கும் பங்கு வைத்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 2 பிட் (பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு). அதை வைத்துக்கொண்டு கட்டத்துக்கு ஒரு நிறத்தைத்தான் பூச முடியும், கண்ணிமையும் மீசையும் வரைய முடியாது.

வங்கிப் பணியாளர் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது போட்டோவுக்கு 200×230 பிக்சல், 20–50 கேபி. கையெழுத்துக்கு 140×60 பிக்சல், 10–20 கேபி. 200×230 படத்தைச் சுருக்கவே சுருக்காமல் வைத்தால்கூட 135 கேபிதான். ஆகவே இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, 20:23 விகிதத்தில் கிராப் செய்யுங்கள். பிறகு அகலத்தை 200 பிக்சல் ஆக்குங்கள். உயரம் தானாக 230 வரும். கடைசியாக, தரம் 90–95 வைத்து ஜேபிஜியாகச் சேமியுங்கள். 20 கேபிக்குக் கீழே போனால் தரத்தை 100 வரை ஏற்றுங்கள். அப்போதும் எட்டாவிட்டால் 300×345 ஆக்கிப் பாருங்கள்.

விண்டோஸ் பெயின்ட்டில் தரத்தைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. விண்டோஸ் 11 போட்டோஸ் ஆப்பில் படத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் ரீசைஸ் இமேஜ் என்பதற்குப் போனால் பிக்சலும் தரமும் ஒரே பெட்டியில் இருக்கும். புதிய எடை எவ்வளவு என்பதையும் சேமிக்கும் முன்பே காட்டிவிடும்.

கையெழுத்துதான் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புகிறது. 140×60 என்பது 7:3. வெள்ளைத் தாளில் பென்சிலால் 7 செ.மீ × 3 செ.மீ பெட்டி போட்டு, அதற்குள் கருப்பு மைப் பேனாவால் கையெழுத்திடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபோனின் நிழல் தாளில் படாமல் நேர் மேலிருந்து எடுங்கள். பென்சில் கோட்டுக்கு உள்ளே கிராப் செய்து, தாள் வெளுக்கும் வரை கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். முக்கால்வாசி வெறும் வெள்ளை என்பதால் ஜேபெக் அதை நன்றாகச் சுருக்கிவிடும். 140×60இல் 10 கேபியைத் தொடுவதே பெரும்பாடு. தரம் 100 வைத்தும் எட்டாவிட்டால் 280×120 ஆக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஐபிபிஎஸ் ஏற்பதில்லை. அதற்கும் பிக்சலுக்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லி வைக்கிறோம். தேர்வுக்குத் தேர்வு அளவு மாறும், அறிவிக்கையைப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

அண்ணாச்சி, எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு 10க்கு 6 அடியில் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தோம். சாமி படம் ஃபோனில் பளிச்சுன்னு இருக்கு. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ‘படம் உடையும்’னு சொல்லுதாரு. உண்மையா, வேற படத்துக்குக் காசு வாங்கப் பார்க்காரா?
– வாசகர், களக்காடு

கடைக்காரர் சொல்வது உண்மை. படம் வாட்ஸ்அப்பில் வந்ததுதானே? வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு வந்துவிடும். 10 அடி என்பது 120 அங்குலம். 1600ஐ 120ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 13 பிக்சல். அதாவது ஒவ்வொரு பிக்சலும் 2 மில்லிமீட்டர் சதுரமாக நிற்கும். ஆறங்குல ஃபோன் திரையில் அதே 1600 பிக்சல் நெருக்கமாக அடைந்து கிடப்பதால் பளிச்சென்று தெரிகிறது.

சாலையோரம் தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 30 பிக்சல் இருந்தால் ஒப்பேறிவிடும். 30×120 = 3600. 12 மெகாபிக்சல் ஃபோனில் எடுத்த அசல் படம் என்றால் 4000 பிக்சல் அகலம். அதுவே போதும், புதிதாக யாரையும் கூட்டிவந்து எடுக்க வேண்டியதில்லை. எடுத்தவரிடம் அசலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கும் குறியைத் தொட்டு, கேலரிக்குப் பதில் டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் ஒரு பைட்டும் குறையாமல் போகும். ஹெச்டி என்ற பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். பிக்சல் கூடும், ஆனால் அதுவும் சுருக்கித்தான் அனுப்புகிறது.

ஒரு கணக்கு விட்டுப் போகும், கவனியுங்கள். ஃபோனைக் குறுக்கே பிடித்து எடுத்த படத்தில் சாமி நடுவில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில்தான் நிற்கிறது, அதை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் உங்களிடம் உள்ளது 4000 அல்ல, 1300 சொச்சம்தான். அந்த நிலையில் பக்கத்தில் போய் எடுத்தே ஆக வேண்டும். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சித்தப்பா குரூப்பிலிருந்து மாமா குரூப்புக்குப் போய் வந்த படத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் கழிக்கும், கழிந்தது திரும்பாது.

பத்தமடைப் பாய் விற்கிறோம். மெல்லிசான பட்டுப் பாயைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் பாயில் இல்லாத அலை அலையான வளையங்கள் தெரிகின்றன. ‘கறையா?’ என்று வெளியூர் வாடிக்கையாளர் கேட்கிறார். கேமரா கோளாறா?
– வாசகி, பத்தமடை

கேமரா நல்லாவே இருக்கிறது. பாய் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதுதான் காரணம். இந்த அலைக்கு மாய்ரே என்று பெயர்.

ஒரு கோட்டைக் காட்ட குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும்: கோரைக்கு ஒன்று, இடுக்கு நிழலுக்கு ஒன்று. உங்கள் பாயில் சென்டிமீட்டருக்கு 10 கோரை என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ அகலப் பாய் முழுவதும் படத்தில் இருந்தால் 600 கோரை. அதற்குக் குறைந்தது 1200 பிக்சல் தேவை. ஃபோனின் 4000 பிக்சலில் தாராளமாக அடங்கும். இன்ஸ்டாகிராம் அதை 1080 அகலத்துக்குக் கொண்டுவருகிறது. 600 கோரையை 1080இல் அடைக்க முடியாமல், சில இடத்தில் கோரையும் சில இடத்தில் இடுக்கும் பிடிபட்டு, அந்தப் பிசகு ஒரு ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்து வளையமாகத் தெரிகிறது. நெசவு இன்னும் மெல்லிசாக இருந்தால் இன்னும் மோசம்.

எனவே ஒரு படத்தில் இரண்டு வேலையையும் வாங்காதீர்கள். பாயின் முழு உருவத்துக்கு ஒரு படம், நெசவுக்கு ஒரு படம். நெசவுப் படத்தில் 25–30 செ.மீ அகலம் மட்டும் வரட்டும். 300 கோரைக்கு 600 பிக்சல் போதும், 1080இல் கோரை கோரையாக நிற்கும். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் என்றால் பெயர் உள்ள பகுதியே இந்த இரண்டாவது படம்.

முழுப் பாய்ப் படத்தில் நெசவு எப்படியும் தெரியப் போவதில்லை, அதைப் பொய்யாகத் தெரியவிடாமல் செய்வதே வேலை. ஜிம்ப் மென்பொருளில் அசலின் நகலைத் திறந்து, முதலில் காஸியன் ப்ளர் (படத்தை லேசாக மங்கலாக்குவது) 1.5 முதல் 2 பிக்சல் வரை கொடுங்கள். பிறகு இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் போய் அகலம் 1080 கொடுங்கள். இன்டர்பொலேஷன் (பிக்சலைக் கணக்கிடும் முறை) என்ற இடத்தில் ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்பது இருந்தால் உடனே மாற்றுங்கள். அது நாலு பிக்சலில் மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளும் முறை, மாய்ரேக்கு விருந்து வைப்பது போல. க்யூபிக் வைத்தால் சரியாகிவிடும். சுருக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் கொடுக்கலாம். சுருக்கும் முன் கொடுத்தால் அலை கூடும். நீங்களே 1080க்குக் கொண்டுவந்து ஏற்றினால், அளவை மாற்றும் வேலையைச் செயலியிடம் விட வேண்டியதில்லை.

சோதிக்கும்போது திரையில் 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். 37, 63 என்று ஏதோ ஒரு சதவீதத்தில் திரையே படத்தைச் சுருக்கிக் காட்டி, இல்லாத அலையைக் காட்டும். 100 சதவீதத்தில் அசலிலேயே அலை இருந்தால் அது எடுக்கும்போதே விழுந்தது. அதை மென்பொருளால் முழுசாக எடுக்க முடியாது. ஓரடி முன்னே பின்னே நகர்ந்தோ, பாயைச் சற்றே சாய்த்தோ மறுபடி எடுங்கள்.

கொடை அழைப்பிதழை மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் டிசைன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது. சில எழுத்துக்குப் புள்ளியே காணோம்.
– வாசகர், திசையன்விளை

மஞ்சளில் சிவப்பு மங்களகரம்தான், ஜேபெக்குக்கு மட்டும் ஆகாது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. இதை நம்பி ஜேபெக் வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நீளம் பாதி அகலத்திலும் சேமிக்கிறது. நாலு பிக்சலுக்கு ஒரே நிறம். முகத்திலும் வயலிலும் இது தெரியாது. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் மட்டும் நிறம் வழிந்து அழுக்காகிவிடும்.

எழுத்தை மெரூன் போன்ற அடர் நிறமாக்கி, பின்னணியை வெளிர் மஞ்சளாக்குங்கள். வெளிச்ச வேறுபாடு கூடினால் ஓரம் தெளிவாகும். சிவப்புதான் வேண்டும் என்று விழாக் கமிட்டி பிடிவாதம் பிடித்தால் பிடிஎஃப் ஆக்கி டாக்குமென்டாக அனுப்புங்கள். எதையும் கழிக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி வகை எழுத்துக்கு நல்லது, ஆனால் கேலரி வழியாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதையும் ஜேபெக் ஆக்கிவிடும்.

புள்ளி காணாமல் போவதற்குக் காரணம் எழுத்தின் உயரம். 4000 பிக்சல் அகலத்தில் 60 பிக்சல் உயரமாக இருந்த எழுத்து 1080க்கு வந்தால் 16 பிக்சல்தான். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் ஒன்றோ இரண்டோ பிக்சல். அது கரைந்துவிடும், ‘பக்தர்கள்’ ‘பகதரகள’ ஆவார்கள். டிசைனை முதலிலேயே 1080×1350 அளவில் திறந்து, சின்ன எழுத்துகூட 30 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். உபயதாரர் பட்டியல் 80 பேர் என்றால் இரண்டு படமாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பெயர் சின்னதாகப் போட்டால் வரும் சண்டையைவிட அது மேல்.

நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை நெட்டுக்குத்தாக எடுத்தேன். ஒரு தளத்தில் ஏற்றியதும் கோபுரம் படுத்துக்கொள்கிறது.
– வாசகர், திருநெல்வேலி டவுண்

ஃபோன் பிக்சல்களைத் திருப்புவதில்லை. ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று ஃபைலுக்குள் ஒரு எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காத தளத்தில் படம் படுத்துவிடும். கேலரி எடிட்டரில் ஓரத்தை ஒரு நூலளவு கிராப் செய்து புதிதாகச் சேமித்து, அந்த நகலை ஏற்றுங்கள்.

பள்ளி ஆண்டு விழாப் படங்கள் 300 இருக்கின்றன, மொத்தம் 1.2 ஜிபி. ஒவ்வொன்றாகச் சுருக்க முடியுமா? மின்னஞ்சலில் அனுப்பினாலும் போக மாட்டேன் என்கிறது.
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

மொத்தமாகச் சுருக்க இரண்டு இலவச வழிகள். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவினால், படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்யும்போது இமேஜ் ரீசைசர் வரும். கஸ்டம் அளவில் 2048×2048 கொடுத்து ‘ஃபிட்’ வையுங்கள். நெட்டுக்குத்துப் படமும் குறுக்குப் படமும் விகிதம் கெடாமல் நீளப் பக்கம் 2048க்கு வரும். ‘ஸ்ட்ரெச்’ வைத்தால் தலைமையாசிரியர் சப்பிப் போவார். அசலையே மாற்றும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 300 அசலும் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

இன்னொன்று இர்ஃபான்வியூ, சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதில் பி விசையைத் தட்டினால் மொத்த மாற்றப் பெட்டி திறக்கும். ஜேபிஜி, தரம் 80–85, அட்வான்ஸ்டு பகுதியில் நீளப் பக்கம் 2048, வெளியீட்டுக்குத் தனி ஃபோல்டர். இந்த அளவில் படம் ஒன்று பெரும்பாலும் அரை எம்பியை ஒட்டி வரும்.

ஜிமெயில் வரம்பு 25 எம்பி. ஆனால் இணைப்பு மின்னஞ்சலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு எடை கூடும். ஆகவே நடைமுறையில் 18 எம்பி வரைதான். சுருக்கிய படம் என்றாலும் ஒரு மின்னஞ்சலுக்கு 30 தாண்ட வேண்டாம். 300ஐயும் கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போட்டு இணைப்பை அனுப்புவதே நல்லது. பிள்ளைகள் படம் என்பதால் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று திறந்து விடாமல், பெற்றோர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இணையத்துக்குப் படம் 72 டிபிஐ ஆக இருக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், வள்ளியூர்

பழைய பேச்சு. டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். திரைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 1080×1350 படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் அதே பிக்சல், அதே எடை. அச்சடிக்கும்போதுதான் அது பேசும்: 3.5×4.5 செ.மீ பாஸ்போர்ட் படத்துக்கு 300 டிபிஐ என்றால் 413×531 பிக்சல்.

தாத்தாவின் படம் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ்தான் இருக்கிறது. நினைவு நாளுக்கு 12×18 அங்குலத்தில் ஃப்ரேம் போட்டு, குடும்ப குரூப்பிலும் பகிர வேண்டும். ஏஐ ஆப்பில் போட்டால் தெளிவாகுமா?
– வாசகர், வீரவநல்லூர்

ஃபோனில் படம் பிடிக்காதீர்கள். கண்ணாடி ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 3.5×4.5 செ.மீ படம் 1654×2126 பிக்சலாக வரும். நுணுக்கம் கழியாத டிஃப் அல்லது பிஎன்ஜி வகையாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பிக்சல் அவ்வளவு வந்தாலும் சின்னப் பிரின்டில் உள்ள நுணுக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதனால் 12×18 வேண்டாம். அந்த விகிதத்துக்குப் பக்கவாட்டில் வெட்டவும் நேரும். 8×10 அங்குலத்தில் பிரின்ட் போட்டு, சுற்றிலும் அகலமாக மவுண்ட் அட்டை வைத்துப் பெரிய ஃப்ரேம் போடுங்கள். மாலை போட்டாலும் முகம் மறையாது.

ஏஐ ஆப் இல்லாத பிக்சலைக் கண்டுபிடிப்பதில்லை, கற்பனை செய்கிறது. கண்ணோரச் சுருக்கம், பல் வரிசை எல்லாம் அதன் சொந்தச் சரக்கு. கடைசியில் தாத்தா மாதிரி ஒருவர் ஃப்ரேமில் இருப்பார். கீறலையும் தூசியையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குரூப்புக்கு நீளப் பக்கம் 1600 போதும்.

கூந்தன்குளத்தில் எடுத்த வர்ண நாரை, படத்தைச் சுருக்கியதும் எறும்பு அளவுக்குப் போய்விட்டது.
– வாசகி, பாளையங்கோட்டை

சுருக்கும் முன் கிராப் செய்யுங்கள். 6000×4000 படத்தில் நாரை 900 பிக்சல் உயரம் என்றால், அதைச் சுற்றி 1080×1350ஐ வெட்டினாலே இன்ஸ்டாகிராமுக்கு ஆயிற்று. ரீசைஸ் தேவையே இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கும் படமானால், ஃபைலுக்குள் உள்ள இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். விண்டோஸில் ஃபைலின் ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பகுதியின் அடியில் அதற்கான இணைப்பு இருக்கிறது. டாக்குமென்டாக அனுப்பும் படத்தில் இருப்பிடமும் சேர்ந்தே போகும். வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படத்துக்கும் இது பொருந்தும்.

ஐஃபோன் படத்தை இ-சேவை மையத்தில் கொடுத்தால் ‘திறக்கவில்லை’ என்கிறார்கள்.
– வாசகர், நாங்குநேரி

அது ஹெச்இஐசி வகை ஃபைல். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன் இப்படித்தான் சேமிக்கிறது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் இனி எடுப்பவை ஜேபிஜியாக வரும். ஏற்கெனவே எடுத்ததைக் கம்ப்யூட்டரில் திறந்து ஜேபிஜியாகச் சேமித்துக் கொடுங்கள். பெயரின் கடைசியில் ‘ஹெச்இஐசி’ என்று இருப்பதை அழித்து ‘ஜேபிஜி’ என்று எழுதினால் மட்டும் ஆகாது. உள்ளே இருப்பது மாறவில்லை.